சூசை படகில் பாடியது யார்?

போன வாரம் என் தம்பி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான் என்று எனக்கு போன் வந்தது.

காலை நேரம். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பேசியவர் தங்கச்சிமடத்தில் இருக்கிற எங்கள் தூரத்துச் சொந்தம். துக்கச் செய்தி சொல்லும்போதுகூட உற்சாகம் குறையாத பெண்மணி. "மதினி... சொல்லவே நாக்கு கூசுது" என்று ஆரம்பித்து, இட்லி கல்லாகும்வரை நாக்கு கூசாமல் சொன்னார்.

என் தம்பி சூசை ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். ஆமாம், எங்கள் பக்கம் படகைப் 'போட்டு' என்றும் அதை ஓட்டுகிறவரை 'டிரைவர்' என்றும்தான் சொல்வோம். கேப்டன் எல்லாம் கப்பலுக்கும் கிரிக்கெட்டுக்கும்தான். ஆள் ஆறடி இருப்பான். மீசை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். பேச்சு மட்டும் மகா சிக்கனம். "சோறு", "தண்ணி", "வாரேன்" – இதை வைத்தே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டான். அவன் ஒரு பெண்ணை மயக்கி, அதுவும் படகில் ஏற்றி...? அந்தப் பெண்ணிடம் என்னதான் பேசியிருப்பான்? எனக்கு வந்த முதல் சந்தேகமே அதுதான்.

"யாரு பாத்தா?" என்றேன்.

"யாரும் பாக்கல மதினி. கேட்டாக. ஊரே கேட்டுச்சு!"

கேட்டார்களா? அது எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒயர்லெஸ் செட் உண்டு. மைக்கில் இருக்கிற பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம். பட்டனை விட்டால்தான் மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும். நம் டி.வி. விவாதங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்... சரி, அதை விடுங்கள். அன்றைக்குப் படகுகள் எல்லாம் கிளம்பி, கரை கண்ணுக்கு மறைகிற நேரம். சூசையின் மைக் கொக்கியிலிருந்து நழுவிச் சீட்டில் விழுந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல், சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை அதன்மேல் வைத்துவிட்டான். பட்டன் அழுந்திவிட்டது. போன படகுகள் அத்தனையிலும், கரையில் படகு முதலாளி வீட்டில் இருக்கிற செட்டிலும், ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது.

பெண் குரல். அதுவும் தாலாட்டு!

"அலையே கொஞ்சம் ஓய்ஞ்சிரு – என்
ஆச மக தூங்கணும்
போன போட்டு திரும்பும்வரை – நான்
முழிச்சிருந்து ஏங்கணும்..."

இதில் இருக்கிற வேடிக்கையைப் பாருங்கள். "ஏலே சூசை, உன் மைக் ஆனாகிக் கிடக்கு" என்று அவனிடம் யாராலும் சொல்ல முடியாது. அவன் பட்டன் அழுந்தியிருக்கும்வரை அவனுக்கு எதுவும் கேட்காது. ஊருக்கே கேட்கிறது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசியில் கில்பர்ட் என்கிற இன்னொரு டிரைவர், தன் படகைப் பக்கத்தில் கொண்டுபோய், ஐஸ்கட்டி ஒன்றை எடுத்துச் சூசையின் கேபின்மேல் எறிந்தானாம். கேபின் கதவு உள்பக்கமாகச் சாத்தியிருந்தது என்பதையும் பார்த்துவைத்துக்கொண்டான். போதாதா?

பாட்டு நின்றது. செட்டில் யாரோ, "அண்ணே, யாருண்ணே அது?" என்று கேட்டார்கள். சூசை செட்டையே அணைத்துவிட்டான். குற்றவாளிதான் என்று கடல் முழுக்க முடிவாகிவிட்டது.

மறுநாள் படகு திரும்பியபோது முதலாளி படகு அணைகிற பாலத்திலேயே நின்று, தானே ஏறி, மூலைமுடுக்கெல்லாம் தேடியிருக்கிறார். ஒரு ஹேர்பின்கூடச் சிக்கவில்லை. "நடுக்கடல்ல வேற வள்ளத்துல ஏத்தி அனுப்பிட்டான்" என்று அதற்கும் ஊரில் ஒரு விளக்கம் தயார்.

இந்தக் கரையில் பெண்கள் கடலுக்குப் போகாதவர்கள் ஒன்றும் இல்லை. பாசி எடுக்க வள்ளத்தில் போவார்கள், மூச்சடக்கி முங்குவார்கள். அதெல்லாம் உழைப்பு, குற்றம் இல்லை. விசைப்படகில் காலை வைத்தால்தான் குற்றம். அதோடு, கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கிற டோக்கனில் பேர் இல்லாத ஆளைப் படகில் ஏற்றினால் முதலாளிக்குத்தான் தலைவலி. அதனால் அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார் – "அடுத்த டோக்கனுக்கு வேற டிரைவர் பாத்துக்கிறேன். நீ வீட்ல இருந்து பாட்டுக் கேளு."

நான் உடனே தம்பி மனைவி ரீத்தாவுக்கு போன் போட்டேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். போனை எடுத்ததும் ஒரே சிரிப்பு! சிரித்து, சிரித்து, அப்புறம்தான் அழுதாள்.

"பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல மதினி. பாடுனது உங்க தம்பி."

"சூசையா?"

"பாடுனது ஆருன்னு காட்டு, போட்டை எடுத்துக்கோன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான்தான்னு பாடிக் காட்டலாம்ல, இவரு மாட்டேங்கிறாரு. போட்டே போனாலும் நாலு ஆம்பளைக்கு முன்னால பாட மாட்டாராம். நீங்க செத்த இங்கன வாங்க மதினி."

ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. சின்ன வயதில் சூசை கோயில் பாடகர் குழுவில் பாடியவன்தான். மற்றப் பையன்களுக்கெல்லாம் குரல் உடைந்து கட்டைக்குரல் வந்தது. இவனுக்கு மட்டும் உடையவே இல்லை. பேச்சுக்கு ஒரு கட்டைக்குரலை எப்படியோ வரவழைத்துக்கொண்டான். பாட வாயைத் திறந்தால் மட்டும் பழைய குரல்தான் வரும். எங்கள் அய்யா ஒருநாள், "கடலுக்குப் போறவனுக்குக் கூப்புடுற அளவுக்குத் தொண்டை இருந்தாப் போதும்" என்றார். அன்றோடு நின்றுவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சூசை டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "வாக்கா" என்றான். அன்றைக்கு அவன் எனக்கு ஒதுக்கியிருந்த பேச்சு அவ்வளவுதான் போலிருக்கிறது.

ரீத்தா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய் விஷயத்தைக் கொட்டினாள். அவர்கள் மகள் ஜெனிபர் இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, கரையில் இருக்கிற நாளெல்லாம் அவளைத் தூங்கவைத்தது சூசைதானாம். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, தானே கட்டிய பாட்டைப் பாடுவானாம். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? "ரீத்தாவுக்கு என்னா குரலு!"

"நானும் ஆமான்னு சொல்லிட்டேன் மதினி. வேற என்ன சொல்ல? என் புருசன் தாலாட்டுப் பாடுறாருன்னா சொல்ல முடியும்? ஃபாதர் வந்து பாடகர் குழுவுல சேரச் சொன்னாரு. தொண்டை வலின்னேன். அந்தத் தொண்டை வலி இன்னும் எனக்குச் சரியாகல!"

ரீத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் பத்திரிகையில் எழுதுகிற இந்தப் பத்தியை அவளும் படிப்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கில்பர்ட் வந்து சேர்ந்தான். ஐஸ்கட்டி எறிந்த அதே கில்பர்ட்தான். நண்பனுக்கு யோசனை சொல்ல வந்திருக்கிறானாம். உண்மை இவ்வளவுதான் என்று ரீத்தா அவனிடமும் சொல்லிவிட்டாள். கில்பர்ட் முகம் அப்படியே வாடிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, என் பேச்சைக் கேளுங்க. பொம்பள இருந்துச்சுன்னே இருக்கட்டும்ணே. அது ஆம்பளைக்குக் கவுரவம். இதை வெளிய சொல்லிராதீக."

எனக்கு வந்த கோபத்தில் கில்பர்ட்டைத் தூக்குச்சட்டியால் அடித்திருப்பேன். கட்டிய மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள்! ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. ஊரில் பாதிப் பேர் கணக்கு அதுதான். இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு திரிந்தால் "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான்" என்பார்கள். குழந்தையைத் தூங்கவைக்கப் பாடினால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை நடத்துகிறார்கள்?

ஆண்கள் பாடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாகப் பாடலாம். அதற்குத்தான் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடலாம். உள்ளே கொஞ்சம் சரக்கு இறங்கியிருந்தால் நடுரோட்டில் நின்றுகூடப் பாடலாம், போலீஸ்காரரே கேட்டுவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் குளியலறையில் பாடுவார். நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அடுத்த கணமே இருமலாக மாற்றிவிடுவார். வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடலாம். கையில் கயிறு இருந்தால் அது வேலைக்கான பாட்டு. கை சும்மா இருந்தால் மட்டும் அதே பாட்டு "பொம்பளத்தனம்" ஆகிவிடுகிறது. இப்போது வலையை இழுக்க விஞ்ச் மெஷின் வந்துவிட்டது. கயிறும் போச்சு, பாடுவதற்கு இருந்த சாக்கும் போச்சு.

கில்பர்ட் போனபிறகு நான் சூசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏலே, ஒரே ஒரு பாட்டு. ரெண்டு நிமிசம். போட்டு உன் கைக்கு வந்திரும். இதுல என்னடா?"

"மாட்டேன்க்கா."

"சரி, பாட வேணாம். ஏன் பாடுனேன்னு எனக்கு மட்டும் சொல்லு."

டி.வி.யில் யாரோ சத்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு, என் வாழ்நாளில் அவனிடம் நான் கேட்ட மிக நீளமான பேச்சைப் பேசினான்.

"கரையில இருந்தா எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டே இருக்காகக்கா. டிரைவர் சிரிச்சா ஆளுக மதிக்க மாட்டாக. டிரைவர் மொகம் மாறுனா போட்டே பயந்திரும். கேபின் கதவைச் சாத்திட்டா எஞ்சின் சத்தத்துல ஆருக்கும் ஒண்ணும் கேக்காது. அப்ப நான் டிரைவர் இல்ல. ஒண்ணும் இல்ல. அந்தப் பாட்டுல வாரவ கரையில காத்துக் கெடக்கிறவ. போட்டு திரும்புமான்னு பயந்துக்கிட்டே இருக்கிறவ. எனக்குப் பயமா இருக்குன்னு நான் சொல்ல முடியாதுல்ல? அவளுக்குப் பயமா இருக்குன்னு பாடலாம்ல?"

கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் போன படகு திரும்பாத வீடுகள், அங்கே பிடிபட்ட ஆளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒவ்வொரு முறையும் இவனும் பயந்துகொண்டேதான் கிளம்பியிருக்கிறான். இத்தனை வருஷமாக ஒருவருக்கும் தெரியாது. அக்கா எனக்கும் தெரியாது. மீசையைப் பார்த்தோம், அதோடு விட்டுவிட்டோம்.

"அதை ஊரு முன்னால பாடச் சொல்லுறீகளே... அப்புறம் எந்த மொகத்தோட வீலைப் புடிக்க?" என்றான்.

வாராவாரம் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிற நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்!

சாயங்காலம் முதலாளி ஆள் அனுப்பினார். கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்வாராம். நானும் ரீத்தாவும் சூசையைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போனோம். முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆண்கள். மற்ற டிரைவர்கள், சூசையின் படகு ஆட்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. கில்பர்ட்டும் நின்றான். முதலாளியின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"போட்டுல பொம்பள யாரும் ஏறல முதலாளி" என்று படகு ஆட்கள் சத்தியம் செய்தார்கள்.

"அப்பப் பாடுனது ஆரு? கடல்கன்னியா?"

"செல்லுல..." என்று சூசை முணுமுணுத்தான்.

"ஏலே, நானும் செட்டுல கேட்டேன். நடுவுல வரி மறந்து, முதல்லருந்து திரும்ப ஆரம்பிச்சுச்சு அந்தக் குரலு. செல்லுல பாடுறவளுக்கு வரி மறக்குமா?"

முதலாளி லேசுப்பட்ட ஆள் இல்லை. சூசை தலையைக் குனிந்துகொண்டான். பாடமாட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. படகு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ரீத்தா முன்னால் வந்தாள். "நான் சொல்லுறேன் முதலாளி. அது எங்க வீட்டுத் தாலாட்டு. எம் மகளுக்கு இவுக பாடுனது. நான் பாடுறேன்னு ஊரே நெனச்சுக்கிட்டு இருக்கு. நான் பாடுனா எப்படி இருக்கும்னு நீங்களே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

"அலையே கொஞ்சம் ஓய்ஞ்சிரு..."

ஐயோ! ஒரு கதவைத் திறந்ததுபோல் இருந்தது. எண்ணெய் போடாத கதவை. பின்வரிசையில் ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சிரிப்பை மறைக்கத்தான். சூசை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ரீத்தா விடவில்லை. அடுத்த வரிகளில் ஆளையும் படகையும் இடம் மாற்றிவிட்டாள்.

"ஆச மக திரும்பும்வரை – என்
போன போட்டு தூங்கணும்..."

"ஏய்!" என்று ஒரு சத்தம். சூசைதான்! "கடல்ல இருக்கிற போட்டைத் தூங்கச் சொல்லுறியாடி? தூங்கினா எங்க போகும்னு தெரியாதா உனக்கு?"

கடலுக்குப் போகிறவன் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தை அது. எல்லா ஆண்களும் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப எப்படி?" என்றாள் ரீத்தா, அப்பாவியாக.

"தூங்கணும் மகளுக்கு. திரும்பணும் போட்டுக்கு. 'மக'ங்கிற எடத்துல மேல ஏறி அப்புறந்தான் எறங்கணும். நீ தரையிலயே போட்டு உருட்டுற! இப்படி..."

பாடிக்காட்டிவிட்டான். வேண்டுமென்று இல்லை. தப்பைத் தாங்க முடியாமல்தான் வாயைத் திறந்தான். திறந்தபிறகு மூட முடியவில்லை. அந்த ஆறடி உடம்பிலிருந்து, அந்த மீசைக்குக் கீழேயிருந்து, அப்படி ஒரு குரல். இரண்டாவது வரியில் அவனுக்கே தெரிந்துவிட்டது, எல்லோரும் கேட்கிறார்கள் என்று. நிறுத்தப்போகிறான் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. ரீத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் பாடினான். "முழிச்சிருந்து ஏங்கணும்" என்று முடிக்கும்போது குரல் லேசாக நடுங்கியது. கதவுக்குப் பின்னால் முதலாளியின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நானும்தான், வெட்கமில்லாமல்.

தெரிந்தேதான் வரியை மாற்றிப் பாடினாயா என்று ரீத்தாவிடம் பிறகு கேட்டேன். "எனக்கு எப்பவுமே அப்படித்தான் வரும் மதினி" என்றாள். நான் நம்பவில்லை. நீங்கள்?

முதலாளி கனைத்துக்கொண்டார். "சரி... போட்டை எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். பெரிய பேச்சு எதுவும் இல்லை. சூசை மூச்சு விட்டான்.

அப்போது பின்னாலிருந்து கில்பர்ட்டின் குரல்: "இனிமே நம்ம அண்ணனுக்குப் பேரு ஆராரோ டிரைவரு!"

குபீரென்று சிரிப்பு. படகு ஆட்கள்கூடச் சிரித்தார்கள். சூசையின் முகம் மறுபடி இறுகிப்போனதைப் பார்த்தேன். இதற்குத்தானே அவன் இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு பாடினான்? என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ரீத்தா முந்திக்கொண்டாள்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். அம்புட்டுப் பேரு போட்டுலயும் செட்டு இருக்கு. செட்டுல சேனலை மாத்தத் திருகு இருக்கு. அணைக்கிறதுக்கும் இருக்கு. அம்புட்டு நேரம் இவுக பாடுனாகளே... உங்கள்ல எந்த ஆம்பளையாச்சும் சேனலை மாத்துனீகளா?"

சிரிப்பு நின்றது.

முதலாளி உட்பட எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் கடல் இருக்கிற திசையில் திரும்பி, மும்முரமாக எதையோ பார்க்க ஆரம்பித்தார்கள். அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது – எதிர்வீட்டு மதில்சுவர்தான் தெரியும்!